இடது குழாயில் நாடி

அப்பா உள்ளங்கை வைக்காமல் அந்தப் பட்டறையிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போனதில்லை. சைலன்சர் மாட்டி முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு, வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்காருவார். குழாய் வாய்க்கு நாலு விரல் தள்ளி வலது உள்ளங்கையை விரிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். புகைக்காற்று துடித்துத் துடித்துக் கையில் வந்து மோதும். எந்த இணைப்பில் ஒழுகுகிறது, எந்த சிலிண்டர் சோம்பேறித்தனம் பண்ணுகிறது என்று அந்தத் துடிப்பை வைத்தே சொல்லிவிடுவார். பட்டறையில் அதற்கு நாடி பார்ப்பது என்று பெயர். மற்ற கடைக்காரர்கள்கூட சந்தேகம் வந்தால் வண்டியை இங்கே தள்ளிக்கொண்டு வருவார்கள்.

இப்போதெல்லாம் அவர் கண்ணை மூடினாலும் திறந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இருபத்தாறு வருஷம் கறுப்புக் கண்ணாடி போடாமல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்ததற்குக் கண் கொடுத்த கூலி அது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கப்புறமும் தீப்பொறி இருக்கும் இடத்தில் தலையைக் காட்டக்கூடாது என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே பட்டறைச் சாவி கை மாற வேண்டும்.

வாரிசு இரண்டு. மூத்தவள் மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவள். பட்டறையில் அவள் பெயர் டிகிரி. முதல் நாள் அவள் ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்ததைப் பார்த்து வெல்டர் வைத்த பெயர். நாலு வருஷமாக அவள் ஸ்பேனரைச் சரியாகத்தான் பிடிக்கிறாள். பெயர் மட்டும் மாறவில்லை. இளையவன் மகன். கல்லூரியைப் பாதியில் விட்டு, மூன்று ஷோரூம் வேலைகளை ருசி பார்த்துத் துப்பிவிட்டு, நாலு மாதமாகப் பட்டறைக்கு வந்துகொண்டிருக்கிறான். வெல்டர் அவனைச் ‘சின்ன முதலாளி’ என்பார். அதில் இருக்கும் நக்கல் அவனுக்கு இன்னும் எட்டவில்லை. எட்டியிருந்தாலும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டிருப்பான்.

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் அகலமான சாலை. சாயங்காலம் ஷட்டரை இறக்கியதும் அப்பா சாலையோரம் வந்து நின்று வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுவார். டிகிரி அதைப் பிடித்துக்கொள்வாள். ஒரு வருஷமாக இப்படித்தான். “பிடிம்மா” என்றுகூடச் சொல்வதில்லை. கை நீளும், அவள் பிடிப்பாள்.

திங்கட்கிழமை பல் டாக்டரின் வண்டி வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் கார். சைலன்சர் துருப்பிடித்து, ஒரே ஒரு ரப்பரில் உயிரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் ஐம்பது வயது அம்மா. இறங்கியதும் தன் வண்டியைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த பளபளப்பான இரட்டைக் குழாய்களைத்தான் பார்த்தார்.

“எனக்கு இந்த மாதிரி ரெண்டு போட முடியுமா? என் கிளினிக்குக்குக் கீழ கண்ணாடிக் கடைக்காரர் இருக்கார். அவர் வண்டியில ரெண்டு இருக்கு. என் வண்டி தையல் மெஷின் மாதிரி சத்தம் போடுது.”

டிகிரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “மேடம், அவரோடது பெரிய எஞ்சின். சிலிண்டர் ரெண்டு வரிசையா இருக்கும். வரிசைக்கு ஒரு குழாய். உங்களோடது மூணே சிலிண்டர், ஒரே வரிசை. வர்ற புகையே கொஞ்சம். அதை ரெண்டாப் பிரிச்சு விட்டா வேகம் செத்துடும். ஏத்தத்துல இழுக்காது. கனமும் கூடும். ஒரு நல்ல குழாய், ஒரு நல்ல சைலன்சர். அது போதும்.”

“பார்க்க?”

“பார்க்க ஒண்ணாத்தான் இருக்கும். நீங்களே சொல்லுங்க, ஒரு வாய்க்கு ரெண்டு செட் பல்லு கட்டுவீங்களா?”

“கேட்டா கட்டுவேன்,” என்றார் பல் டாக்டர், சிரிக்காமல்.

தம்பி அதற்குள் செல்போனில் ஒரு படத்தைத் திறந்து நீட்டிவிட்டான். பம்பரின் இரண்டு பக்கமும் வாய் திறந்த குழாய்கள். “மேடம், இந்த மாதிரி. கிளினிக் வாசல்ல நிறுத்தினா கண்ணாடிக் கடைக்காரர் கடையைப் பூட்டிட்டு வந்து பார்ப்பார். அக்கா புஸ்தகத்துல இருக்கிறதைச் சொல்லுது. ரோட்டுல புஸ்தகமா ஓடுது?”

“இவன்கிட்டயே குடுங்க,” என்றார் பல் டாக்டர்.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் போனதும் மகள் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். வெல்டர் வேலையை நிறுத்தினார். அந்தச் செருமலுக்கு அப்படி ஒரு மரியாதை உண்டு.

“இந்த வண்டி அவன் பொறுப்பு. அளவெடுக்கிறது, கோடு போடுறது, மாட்டுறது எல்லாம் அவனே. வளைக்கிற மெஷின்ல மட்டும் நீ நில்லு. அவனுக்கு அது பழக்கமில்ல. வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் நாடி பார்ப்பேன். சரியா அடிச்சா சாவி அவனுக்கு. இல்லேன்னா உனக்கு.”

“நாலு வருஷமா நான் மாட்டின வண்டிக்கெல்லாம் நாடி பார்த்தீங்களே, அது எந்தக் கணக்கு?”

“அது சம்பளத்துக்கு வேலை பார்த்தது,” என்றார் அப்பா. “இது கடை.”

வீட்டில் அம்மா இதைக் கேட்டுவிட்டு, “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு அந்தக் கரி பிடிச்ச கடை? அதான் படிச்சிருக்கே, எங்கேயாவது நாற்காலியில உட்காரு,” என்றாள். தம்பியின் பள்ளிக்கூட நோட்டுகளை எல்லாம் எழுதிக் கொடுத்தது இதே மகள்தான். கையெழுத்து மாறக்கூடாது என்று அவனுடைய கோணல் எழுத்தையே பழகிக்கொண்டாள். இன்றைக்கும் அவசரத்தில் எழுதினால் அவன் எழுத்துதான் வரும். அவளுக்கென்று ஒரு கையெழுத்து இல்லாமல் போனதற்கு அந்த வீட்டில் யாரும் வருத்தப்பட்டதில்லை.

அப்பாவிடம் கோடு போடுவதற்கு ஒரு முறை உண்டு. வண்டியை லிஃப்டில் தலைக்கு மேல் தூக்கிவிடுவார். அடிப்பக்கத்தில் குழாய் போகவேண்டிய ஒவ்வொரு திருப்பத்திலிருந்தும் நூலில் கட்டிய ஈயக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைப்பார். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோட்டின் மேல் பொருந்தும்படி குழாயை வளைத்து, அப்படியே நேராக மேலே தூக்கினால் வண்டியில் போய் உட்காரும். அண்ணாந்து பார்த்து வரையவே கூடாது. கீழிருந்து பார்ப்பதைத் தரையில் வரைந்தால், கண்ணாடியில் தெரிவது மாதிரி இடம் வலம் மாறிப் போகும்.

தம்பி செவ்வாய்க்கிழமை ஈயக்குண்டைத் தொடவேயில்லை. லிஃப்டுக்கு அடியில் நின்று செல்போனில் அண்ணாந்து ஒரு படம் எடுத்தான். அந்தப் படத்தைப் பார்த்து, நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு, தரையில் அழகாக வரைந்தான். அளவு நாடாவை வைத்து ஒவ்வொரு நீளத்தையும் சரிபார்த்தான். எல்லா நீளமும் கச்சிதம். கோடு மட்டும் இடம் வலம் மாறியிருந்தது.

டிகிரி அந்தக் கோட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு பார்வை போதுமாக இருந்தது. வண்டியில் பெட்ரோல் டேங்க் இடது பக்கம், பழைய குழாய் வலது பக்கம். இவன் கோட்டில் குழாய் இடது பக்கமாகப் போய் டேங்க்கின் வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டாகப் பிரியும் இடத்தில் நீளக் கிளையும் குட்டைக் கிளையும் இடம் மாறி நின்றன.

“குண்டு போட்டுப் பார்த்தியா?”

“போட்டோ இருக்கு. குண்டு எல்லாம் அந்தக் காலம்.”

“அப்போ இதுதான் கோடு?”

“இதுதான். நீ வளை. பேசாத.”

பேசாமல் இருப்பது அவளுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். இந்தத் தடவை மட்டும் அது இனித்தது. மெஷினில் குழாயைச் செருகி, ஒவ்வொரு வளைவையும் கோட்டின் மேல் வைத்துப் பார்த்துப் பார்த்து வளைத்தாள். நாலு வருஷத்தில் அவள் வளைத்ததிலேயே சுத்தமான வேலை அது. வெல்டர் பக்கத்தில் வந்து நின்றார். தரையைப் பார்த்தார், லிஃப்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“டிகிரி.”

“சொல்லுங்கண்ணே.”

“ஒண்ணுமில்ல,” என்று சொல்லிவிட்டு வெல்டிங் மூடியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டார். யார் கைக்குச் சாவி போனாலும் அவருக்கு நாளைக்கும் வேலை இருக்க வேண்டும்.

புதன்கிழமை முழுக்கத் தம்பி சைலன்சருக்குப் பாலிஷ் போட்டான், பம்பரை வெட்டினான், குழாய் முனைகளை மாட்டிப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குழாயை மேலே தூக்கினான். தூக்கினான், இறக்கினான், திருப்பினான், மறுபடி தூக்கினான். கவிழ்த்துப் பிடித்தால் அச்சுக்கு மேலே ஏற வேண்டிய வளைவு கீழே தொங்கியது. பன்னிரண்டு மணிக்கு அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அப்பா கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார்.

“அக்கா.”

அந்த வாரத்தில் அவன் முதல் தடவையாக அவளை அப்படிக் கூப்பிட்டான்.

“கொஞ்சம் வந்து பாரேன். எங்கேயோ மில்லிமீட்டர் கணக்குல இடிக்குது.”

“மில்லிமீட்டர் இல்ல. டேங்க்ல இடிக்குது. கோட்டைத் திருப்பிப் போட்டிருக்கே.”

அவனுக்குப் புரிய நேரமானது. தரையைப் பார்த்தான், செல்போனைப் பார்த்தான். பிறகு காது மடல் சிவந்தது.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“செவ்வாய்க்கிழமையே.”

“தெரிஞ்சுதான் வளைச்சியா?”

“பேசாதன்னு சொன்னே. பேசல.”

“இப்போ என்ன பண்றது? நாலு மணிக்கு அந்தம்மா வந்துடும்.”

“புதுக் குழாய் எடு, குண்டு போடு, கோடு போடு. நான் வளைச்சுத் தர்றேன். ஆனா அப்பா வந்ததும், கோட்டை நான் திருப்பிப் போட்டேன், அக்காதான் சரி பண்ணிச்சுன்னு உன் வாயால சொல்லணும்.”

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். அவள் மடங்கிவிடுவாள் என்று காத்திருந்தான். பரீட்சைக்கு முந்தின நாள் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பானே, அதே முகம்.

“நீ இப்படியே இரு,” என்றான் கடைசியில். “படிச்சுட்டோம்ங்கிற திமிர்லயே இரு. உன்னை எவன் சீண்டப் போறான்? உனக்குக் கடை கிடைச்சாலும் வர்றவன் முதல்ல, ஆம்பளை யாரும் இல்லையான்னுதான் கேப்பான்.”

“கேக்கட்டும். நீ உள்ள டீ குடிச்சிட்டு இருப்பே, கூப்பிடுறேன்.”

அவன் கட்டிங் மெஷினை எடுத்தான். வளைத்த குழாயைத் துண்டு போட்டான். வலது பக்கம் பழைய வழியிலேயே ஒரு குழாயை ஒட்டுப்போட்டு, சைலன்சரை மாட்டி வாய் வைத்தான். இடது பக்கம் ஒரு சாண் குழாயை எடுத்து, உள்முனையைத் தகடு வைத்து மூடி, பம்பருக்குள்ளே ஒரு கிளாம்ப்பில் தொங்கவிட்டு, அதற்கும் பளபள முனையைச் செருகினான். பின்னால் நின்று பார்த்தால் இரண்டு குழாய். ஒன்று வேலைக்கு, ஒன்று பார்வைக்கு.

டிகிரி பெஞ்சில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அப்பா கண்ணை ஏமாற்றிவிடலாம், அது ஏற்கெனவே ஏமாந்து போன கண். கையை என்ன செய்வான்? அந்த உள்ளங்கை பொய் சொல்லி அவள் பார்த்ததே இல்லை. ஊரே நம்பும் கை. வீட்டில் அவள் நம்பியதும் அந்த ஒன்றைத்தான்.

நாலு மணிக்குப் பல் டாக்டர் வந்தார். வண்டியின் பின்புறத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. தம்பி எஞ்சினைக் கிளப்பினான். சத்தம் கொஞ்சம் தடித்து, தொண்டை கட்டின ஆள் மாதிரி கேட்டது. அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து, பம்பரைத் தடவி, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெல்டர் மூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

முதலில் வலது குழாய். உள்ளங்கை விரிந்தது. அப்பா கண்ணை மூடினார். “ம்,” என்றார். “ஒட்டுப் போட்டிருக்கே. பரவால்ல, ஒழுகல.”

பிறகு உட்கார்ந்தபடியே நகர்ந்து இடது குழாய்க்கு வந்தார். கை விரிந்தது. நாலு விரல் தள்ளி வைத்தார். கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். இன்னும் கிட்டே. கடைசியில் குழாய் வாயை உள்ளங்கையால் அப்படியே மூடினார். ஓடுகிற வண்டியின் குழாயை யாராலும் அப்படிப் பிடிக்க முடியாது, தோல் வெந்துவிடும். அவர் கை அங்கேயே இருந்தது. குளிர்ந்த இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் கை. டிகிரி அந்தக் கையையே பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா எழுந்தார். கையை வேட்டியில் துடைத்தார். துடைக்க இடது குழாய் அதில் ஒன்றும் ஊதியிருக்கவில்லை.

“ரெண்டும் ஒரே மாதிரி அடிக்குது,” என்றார்.

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, தம்பி நிற்கும் பக்கம் தோராயமாக நீட்டினார். அவன் ஓடி வந்து வாங்கிக்கொண்டான்.

டிகிரி பெஞ்சுக்குப் போனாள். தோல் கையுறையை மாட்டினாள். மூலையில் கிடந்த வேஸ்ட் துணியில் ஒரு பெரிய பந்து சுருட்டினாள். வண்டிக்குப் பின்னால் போய் மண்டியிட்டு, அதை வலது குழாய் வாயில் திணித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் ஒரு தரம் விக்கியது. வண்டி உடம்பெல்லாம் நடுங்கியது. மறுபடி விக்கியது. பிறகு செத்துப் போனது.

அவள் எழுந்து கையுறையைக் கழற்றினாள்.

“நான் மூடினது ஒண்ணைத்தான் மேடம்,” என்றாள் டிகிரி. “இன்னொண்ணு நிஜமா இருந்தா வண்டி அது வழியா மூச்சு விட்டிருக்கும். இடது பக்கம் இருக்கிறது பொம்மை. உள்ள தகடு வச்சு மூடியிருக்கு. எங்கப்பா இப்போ நாடி பார்த்தாரே, அது ஒரு சாண் செத்த குழாய்க்கு.”

பல் டாக்டர் குனிந்து இடது குழாய்க்குள் விரலை விட்டார். தகட்டில் நகம் தட்டிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அப்பாவுக்கும்தான். தம்பி சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“டாக்டரம்மா,” என்றார் அப்பா, “நாளைக்குச் சரி பண்ணி...”

“இருங்க.” பல் டாக்டர் நிமிர்ந்து டிகிரியைப் பார்த்தார். “நீதானே சொன்னே, ரெண்டு போட்டா இழுக்காதுன்னு?”

“ஆமா.”

“இப்போ புகை ஒண்ணுலதான் வருது. அப்போ இழுக்கும்.”

டிகிரி துணி அடைத்த வலது குழாயைப் பார்த்தாள்.

“பார்க்க ரெண்டு, வேலைக்கு ஒண்ணு. நீ கேட்டதும் இருக்கு, நான் கேட்டதும் இருக்கு. கண்ணாடிக் கடைக்காரர் வந்து உள்ள விரலை விட்டா பார்ப்பார்?” பல் டாக்டர் கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். “நான் கட்டுற பல்லுல பாதி இப்படித்தான்மா. மெல்லுறதுக்கு இல்ல, சிரிக்கிறதுக்கு. துணியை எடு. எனக்குக் கிளினிக் இருக்கு.”

அவள் துணியை எடுக்க வேண்டியிருந்தது. வண்டி கிளம்பிப் போனது. போகும்போது இரண்டு குழாயும் வெயிலில் பளபளத்தன. எது எது என்று தெரியவில்லை.

வெல்டர் மூடியை இறக்கிக்கொண்டு, வெல்டிங் ஏதும் இல்லாத ஒரு மூலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அப்பா காலில் இடறிய வெட்டுத் துண்டு ஒன்றை எடுத்து அதன் வளைவைத் தடவிப் பார்த்தார். “கோடு திரும்பியிருக்குன்னு உனக்கு எப்போ தெரியும்?” என்று அப்பா கேட்டார். குரலில் கோபம் இல்லை, அது இன்னும் மோசம்.

“கோடு போட்ட அன்னிக்கே.”

“அவனுக்குத் தெரியல. அது முட்டாள்தனம். உனக்குத் தெரிஞ்சிருக்கு, மூணு நாளா அவன் விழட்டும்னு பார்த்துட்டு நின்னுருக்கே. அவன்கிட்ட குடுத்தா கடை கெடும். உன்கிட்ட குடுத்தா அவன் கெடுவான். கடை போனா போகுது.”

“நாலு வருஷம் நான் கெட்டது?”

“நீ எப்படியும் பொழைச்சுக்குவே. டிகிரி இருக்கு.”

அவரும் அந்தப் பெயரைத்தான் சொன்னார். சொந்தப் பெயரை அவர் கடைசியாக எப்போது சொன்னார் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

“உங்க கை பொய் சொல்லுமாப்பா?”

“கை சொல்லல,” என்றார் அவர். “அது செத்த குழாய்னுதான் கை சொல்லுச்சு. நான்தான் கேக்கல.”

ஆறு மணிக்குத் தம்பி முதல் தடவையாக ஷட்டரைத் தன் கையால் இறக்கினான். பூட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினான். பூட்டியதும் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே, செல்போனைக் காதில் வைத்து, நண்பர்களைப் பார்க்கத் தெருமுனைக்குப் போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் யாரையாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவன் வாழ்க்கையில் என்றைக்கும் இருந்ததில்லை.

அப்பா சாலையோரம் வந்து நின்றார். வலது கை பக்கவாட்டில் நீண்டது.

டிகிரி அவருக்கு இரண்டடி பின்னால் நின்றாள். அந்த உள்ளங்கை விரிந்திருப்பதைப் பார்த்தாள். நடுவில் துடைத்தும் போகாத மெல்லிய கரிப்படலம், வலது குழாய் ஊதியது. இடது குழாய் ஒன்றும் விட்டுவைக்கவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அவள் வலமும் இடமும் பார்த்தாள். வண்டிகள் ஓய்ந்த ஓர் இடைவெளி வந்தது, இரண்டு பேர் நிதானமாகக் கடக்கலாம். அவள் ஒருத்தி கடந்தாள்.

எதிர்ப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தாள். அப்பா அதே இடத்தில் நின்றிருந்தார். அவள் இன்னும் பக்கத்தில் இருப்பதாக நினைத்து, கையை இன்னும் கொஞ்சம் தள்ளி நீட்டினார். ஒன்றும் படவில்லை. விரல்கள் மெல்ல அசைந்தன. பிறகு உள்ளங்கையைச் சாலைப் பக்கம் திருப்பி, போகிற வண்டிகளின் காற்று எப்போது நிற்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.

காற்று நிற்கவில்லை. சாயங்கால நேரம், சாலை நிறைய வண்டிகள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டிகிரி வீட்டுக்குள் போய்க் கையைக் கழுவினாள். “அப்பா எங்கே?” என்று அம்மா கேட்டாள்.

“கடையை வாங்கினவன் கூட்டிட்டு வருவான்,” என்றாள் அவள், சோப்பை இன்னொரு முறை தேய்த்துக்கொண்டே.